கேனைத் திருப்பிப் படியுங்கள்

மேட்டுப்பாளையத்து மண்டிகளின் வாசலில் லோடுக்கு நிற்கும் பிக்கப், தோஸ்த், குட்டி யானை ஓட்டும் தம்பிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். முப்பத்தைந்து வருடம் உங்கள் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். இப்போது முட்டி மடங்க மறுக்கிறது. பட்டறையைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு வேலை டீக்கடை பெஞ்சில் உட்கார்வதும், நீங்கள் பேசுவதைக் கேட்பதும்தான்.

போன வாரம் அந்தப் பெஞ்சில் ஒரு சண்டை. ஒரு தம்பி பச்சைக் கேன் கட்சி, இன்னொருவன் சிவப்புக் கேன் கட்சி. தேர்தல் நேரத்தில்கூட இவ்வளவு காரசாரமாகப் பேசமாட்டார்கள். கடைசியில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. “ஏனுங்ண்ணா, நீங்களே சொல்லுங்க, எந்த ஆயில் நல்ல ஆயில்?” என்றான் ஒருவன். உன் வண்டி எந்த வருஷம் என்று கேட்டேன். சொன்னான். புகைச் சட்டப்படி அது பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். இப்போது எஞ்சினில் இருக்கும் ஆயில் என்ன நம்பர் என்று கேட்டேன். “மெக்கானிக் ஊத்துனாருங்க” என்றான். அதற்குமேல் அங்கே பேசி முடிகிற விஷயமாக அது தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பெஞ்சில் நடந்த சண்டையை முடித்துவிடுகிறேன். பச்சையா சிவப்பா என்பது முக்கியமே இல்லை. நல்ல கம்பெனிகள் நாலைந்தில் எது வாங்கினாலும் ஒன்றுதான். கேனின் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம்: சிங்கம், மின்னல், கிரிக்கெட் வீரர். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டாவது அதைப் படிக்க வேண்டும். அதில் தேட வேண்டியவை இரண்டே. ஒன்று, 15டபிள்யூ-40 என்பது போன்ற எண். இன்னொன்று, ஏ.பி.ஐ. என்று போட்டு அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்து.

எண்ணில் இருந்து தொடங்குவோம். வெல்லப் பாகு ஆறினால் இறுகும், அடுப்பில் வைத்தால் இளகும். ஆயிலும் அப்படித்தான். குளிரில் மிகவும் இறுகிவிட்டால், சாவி திருப்பியதும் எஞ்சின் மேல்பகுதிக்கு ஏற நேரமாகும். அந்தச் சில நொடிகள் இரும்பும் இரும்பும் உரசும். சூட்டில் மிகவும் இளகிவிட்டால் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய படலம் கிழியும். இந்த இரண்டு முனையையும் அளந்து சொல்வதுதான் அந்த எண். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. வகுத்த கணக்கு அது. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். 15டபிள்யூ என்று போட்டிருந்தால், சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரிலும் எஞ்சினைச் சுழற்ற விடும் அளவுக்குத்தான் அது இறுகும் என்று சோதித்திருக்கிறார்கள். பின்னால் வரும் 40, எஞ்சின் சூட்டில், அதாவது 100 டிகிரியில், அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்த விடியலில் குளிர் சுழியத்தைத் தொடும், சில நாள் அதற்கும் சற்றுக் கீழே போகும். அவ்வளவுதான். சுழியத்துக்குக் கீழே 20 என்பது நம் மலையில் வராது. அதனால் “ஊட்டிக் குளிருக்கு 15டபிள்யூ தாங்காதுங்க, 5டபிள்யூ ஊத்துங்க” என்று யாராவது விலை உயர்ந்த கேனைக் கையில் திணித்தால், அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். ஆனால் உங்கள் வண்டிப் புத்தகமே 5டபிள்யூ-30 என்று சொன்னால் அது வேறு கதை. புது எஞ்சின்கள் சிலவற்றில் இடைவெளிகள் இறுக்கம், எண்ணெய் ஓடும் துவாரங்கள் சிறியவை; டீசல் மிச்சம் பிடிக்கவும் இளகிய ஆயிலுக்கென்றே செய்திருக்கிறார்கள். அங்கே போய் “நான் எப்பவும் நாற்பதுதான்” என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

கெட்டி ஆயில்தான் பலம் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. எஞ்சின் கொஞ்சம் நீலப் புகை விட்டால் போதும், 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். அதையும் தாண்டி ஒரு அண்ணன் கியர் ஆயிலில் ஒரு லிட்டர் கலந்து ஊற்றிக்கொண்டு வந்தார். “டப்பாவுல தொண்ணூறுன்னு போட்டிருக்குதுங்க, நாற்பதைவிட இரண்டு பங்கு கெட்டி” என்பது அவர் கணக்கு. கியர் ஆயிலுக்கு எஸ்.ஏ.ஈ. வைத்திருக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலின் 90-ம், எஞ்சின் ஆயிலின் 40-ம் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். கெட்டி கூடவில்லை, மாறாக, பல்சக்கரங்கள் உரசாமல் இருக்கச் சேர்த்த கந்தக மருந்துகள் எஞ்சினுக்குள் போய்விட்டன. அந்த மருந்துக்கு எஞ்சினில் வேலை இல்லை, கெடுதல் உண்டு. புகை நின்றதா என்றால், பத்து நாள் நின்றது. ரிங்கும் லைனரும் தேய்ந்த வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றுவது, ஒழுகும் கூரைக்கு அடியில் குண்டாவை வைப்பது போல. குண்டா நிறைந்ததும் அவரே பட்டறைக்கு வந்தார்.

அடுத்தது அந்த எழுத்து. ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். கேனின் பின்னால் வட்டமாக, வடை போல ஒரு முத்திரை இருக்கும். அதில் சி என்று தொடங்கினால் டீசலுக்கு, எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. சி-க்குப் பின்னால் வரும் எழுத்து அகரவரிசையில் தள்ளிப் போகப் போக ஆயில் புதிய தலைமுறை. 1998-இல் சி.ஹெச்-4 வந்தது, 2002-இல் சி.ஐ-4, 2006-இல் சி.ஜே-4, 2016 கடைசியில் சி.கே-4. ஒவ்வொன்றும் எஞ்சின் மாறியபோது, புகைச் சட்டம் மாறியபோது வந்தது. கம்பெனிக்காரன் பெயர் வைத்து விளையாடியது அல்ல.

இதில் உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்று பிரிப்பது ஒரே தேதிதான்: 2020 ஏப்ரல் 1. அன்று முதல் நாடு முழுக்கப் பி.எஸ்.6 வண்டிதான் பதிவு. டீசலில் இருந்த கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. சைலன்சர் வரிசையில் பெரும்பாலான டீசல் வண்டிகளுக்கு டி.பி.எஃப். என்றொரு சல்லடை வந்தது. அது கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தானே சூடேற்றிக்கொண்டு எரித்துவிடும். கரி எரியும். சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது தெரியுங்களா? டீசலில் இருந்து இல்லை, எஞ்சின் குடிக்கும் ஆயிலில் இருந்து. எஞ்சினைக் கழுவிச் சுத்தமாக வைக்க ஆயிலில் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த மருந்து போடுகிறார்கள். தேய்மானம் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் போடுகிறார்கள். ஆயில் எரிந்தால் இவையெல்லாம் சாம்பலாகச் சல்லடைக் கண்களில் போய் உட்கார்ந்துவிடும். எத்தனை முறை சூடேற்றினாலும் போகாது. சல்லடை அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவையும், புதிது வாங்கும் விலையையும் ஷோரூமில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அன்று இரவு தூக்கம் வராது.

அதனால்தான் சி.ஜே-4, சி.கே-4 வகைகளில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். சில வண்டிப் புத்தகங்களில் ஐரோப்பியக் கணக்குப்படி ஏ.சி.ஈ.ஏ. சி3 என்று போட்டிருக்கும். அதுவும் இதே சாம்பல் விவகாரம்தான். ஆக, 2020-க்குப் பின்னான டீசல் வண்டியில் பழைய ஸ்டாக் சி.ஐ-4 கேனை “ஐம்பது ரூபா குறைச்சலுங்க” என்று ஊற்றாதீர்கள். திருப்பிப் போட்டால் பரவாயில்லை. பழைய வண்டிக்குச் சி.கே-4 ஊற்றலாம், முன்னால் வந்த வகைகளுக்கும் பொருந்தும்படிதான் அதை வகுத்திருக்கிறார்கள். எஃப்.ஏ-4 என்ற எழுத்து மட்டும் கண்ணில் பட்டால் கேனை அப்படியே வைத்துவிடுங்கள். அது சில புது எஞ்சின்களுக்காகவே செய்த இளகல் ஆயில், பழையவற்றுக்குப் பொருந்தாது. பெட்ரோல், கேஸ் குட்டி யானை வைத்திருப்பவர்கள் எஸ் வரிசையில் புத்தகம் சொல்வதைப் பாருங்கள். அவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை.

மினரல், செமி, ஃபுல் சிந்தட்டிக் என்று கேட்பீர்கள். டர்போ உள்ள புது எஞ்சினுக்குச் சிந்தட்டிக் நல்லது; சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கருகிப் படியாது. பழைய, டர்போ இல்லாத எஞ்சினில், சரியான எண்ணும் எழுத்தும் உள்ள சாதா ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும். சிந்தட்டிக் வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் இரண்டு மடங்கு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஓட்டுவது என்று வந்ததும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புது வண்டிகள் சிலவற்றுக்கு 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று கம்பெனியே சொல்கிறது. பொய் இல்லை. ஆனால் அந்தக் கிலோமீட்டர் யாருடைய கிலோமீட்டர்? சேலம் பைபாஸில் நாலாவது, ஐந்தாவது கியரில் அமைதியாகப் போகிறவனுடையது. சராசரி மணிக்கு 40 என்று வைத்தால் 20,000 கிலோமீட்டர் என்பது எஞ்சினுக்கு 500 மணி நேர வேலை. உங்கள் கதை என்ன? மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். நடுவில் 50 கிலோமீட்டர் சொச்சம். கல்லாறு தாண்டியதும் 14 கொண்டை ஊசி. சிமெண்டோ அரிசியோ ஏற்றிக்கொண்டு, முன்னால் டூரிஸ்ட் பஸ், பின்னால் ஹாரன். இரண்டாவது கியரில் எஞ்சின் கத்திக்கொண்டே ஏறுகிறது. சராசரி 20 வந்தால் பெரிய விஷயம். அப்படியானால் அதே 500 மணி நேரம் உங்களுக்கு 10,000 கிலோமீட்டரிலேயே முடிந்துபோகிறது. மீட்டர் பாதி காட்டுகிறது, ஆயிலோ முழுசும் உழைத்துவிட்டது. அதுவும் சும்மா உழைப்பு இல்லை. முழு லோடில், முழுச் சூட்டில்.

இதோடு, விடிகாலை மூன்று மணிக்கு மண்டியில் வரிசையில் நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் செல்போன் சார்ஜ் ஏற வேண்டும், பாட்டு ஓட வேண்டும். மீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட நகராது. நான் பட்டறையில் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தை 40 கிலோமீட்டராக எழுது. விஞ்ஞானம் என்று சொல்லமாட்டேன், கைக்கணக்கு. ஆனால் அதை எழுத ஆரம்பித்த பிறகு பலரும் சாவியைத் திருப்பி அணைக்க ஆரம்பித்தார்கள்.

கம்பெனிக்கும் இது தெரியாமல் இல்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் கடினமான ஓட்டம் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும்: மலைப்பாதை, முழு லோடு, புழுதி, அடிக்கடி நின்று நின்று போவது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு முன்னதாகவே மாற்றச் சொல்லியிருப்பார்கள். அந்த நாலு வரியும் உங்கள் போட்டோவைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். நான் சொல்வது, சாதா ஓட்டத்துக்கு எழுதியிருப்பதில் பாதி. ஓடாமல் கிடந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை.

மலை ஓட்டத்துக்கு ஒரு நல்லதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நீண்ட ஏற்றத்தில் புகைக்குழாய் நன்றாகச் சூடேறும், டி.பி.எஃப். தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே, இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று கடை கடையாகச் சரக்கு இறக்கும் தம்பிகளுக்குத்தான் அதில் ஆபத்து. சல்லடையைச் சூடேற்ற எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். பாதியில் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்துவிடும். டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். “அண்ணா, என் வண்டி ஆயில் குடிக்கிறதே இல்லைங்க, ஏறத்தான் செய்யுது” என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான். அவன் எஞ்சினுக்குள் பாதி டீசல். ஆயில் கூடினால் சந்தோஷப்படக் கூடாது, அன்றே மாற்ற வேண்டும்.

டிப் ஸ்டிக் என்றதும் இன்னொன்று. அந்தக் கம்பியைப் பார்க்காத ஓட்டுநர்கள் நம்மில் பாதிக்கு மேல். பார்ப்பவர்களும் எஞ்சின் அணைத்த நொடியே, வண்டி சரிவில் நிற்கும்போதே பார்க்கிறார்கள். சமதரையில் நிறுத்தி, அணைத்து, ஒரு டீ குடித்து முடித்த பிறகு இழுங்கள். துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு இழுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே, மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றால் போதும். மேல் கோட்டைத் தாண்டி “இருக்கட்டுமே” என்று ஊற்றாதீர்கள். கிராங்க் சுழலும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் படலமும் நிற்காது, பிரஷரும் நிற்காது. கூடிய ஆயில் டர்போ வழியாகவோ, பிரீதர் குழாய் வழியாகவோ காற்றோடு உள்ளே போனால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கத்தும். சாவியை எடுத்தாலும் அணையாது. ஒருமுறை பார்த்தவன் மறக்கமாட்டான்.

டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றி இரண்டு நாளிலேயே கறுப்பாகிவிடும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்க விடுவதுதான் ஆயிலின் வேலை. கறுப்பு கெட்டது அல்ல. ஃபில்டர் காபி நிறத்தில், பால் கலந்தது போல வந்தால்தான் கெட்டது. ரேடியேட்டர் தண்ணீர் எங்கேயோ உள்ளே இறங்குகிறது; பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், சில வண்டிகளில் ஆயில் கூலர். அந்த வண்டியை ஒரு ட்ரிப்கூட ஓட்டாதீர்கள்.

டர்போ பற்றி ஒரே வரி. அதன் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. ஊட்டி ஏறி நிறுத்தியதும் சாவியை உடனே திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், அதன் பேரிங்கில் ஆயில் கருகாமல் இருக்கும்.

இப்போது என் சொந்தத் தப்பைச் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பிக்கப்புக்கு ஆயில் மாற்றினேன். சாயங்காலம், கூட்டம், கரண்ட் வேறு இல்லை. பழைய ஃபில்டரைக் கழற்றினேன், புதியதற்கு ரப்பர் வளையத்தில் ஆயில் தடவினேன், கையால் இறுக்கி முக்கால் சுற்றுக் கொடுத்தேன். எல்லாம் சரி. ஒன்றே ஒன்று பார்க்கவில்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வராமல் எஞ்சின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதன்மேல் இன்னொரு வளையம். பட்டறையில் ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஒரு சொட்டு இல்லை. மறுநாள் ஏற்றத்தில், பிரஷர் ஏறியதும் இரண்டு வளையமும் பிதுங்கிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. ஓட்டியவர் நல்ல மனிதர், அனுபவஸ்தர். இந்த வளைவில் நிறுத்தினால் டிராஃபிக் ஆகுமே, அடுத்த வளைவில் இடம் இருக்கிறதே என்று இரண்டு வளைவு ஏறிவிட்டார். அந்த இரண்டு வளைவில் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. கிராங்க், பேரிங், எல்லாம். பாதிக்கு மேல் செலவு நான் ஏற்றேன், மீதியை அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து என் பையன்களுக்கு ஒரு சட்டம்: பழைய ஃபில்டரைக் கழற்றினால் அதைக் கவிழ்த்து, வளையம் அதில் இருக்கிறதா என்று விரலால் தடவிக் காட்டிவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் குறைந்ததைக் காட்டுவது இல்லை. பிரஷர் போய்விட்டதைக் காட்டுவது. அது எரிந்தபின் உங்களுக்கு இருப்பது நொடிக் கணக்கு. டிராஃபிக் ஆனால் ஆகட்டும், பின்னால் வருகிறவன் திட்டட்டும், அந்த இடத்திலேயே அணையுங்கள்.

மாற்றும்போது கவனிக்க இன்னும் சில உண்டு. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். கரியும் தூளும் ஆயிலோடு சேர்ந்து வரும். ஆறிய எஞ்சினில் வடித்தால் அவை அடியிலேயே தங்கும். சம்ப் நட்டின் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், அது நசுங்கித்தான் அடைக்கும். நட்டை நீளக் குழாய் போட்டு இறுக்காதீர்கள். மரை போனால் சம்ப்பே போகும். கழற்றிய நட்டின் முனையையும் ஆயில் தட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் போன்ற மெல்லிய பொடி இருந்தால் சரி. பளபளவென்று செதில் இருந்தால் உள்ளே பேரிங் பேச ஆரம்பித்துவிட்டது. ஆயிலை மாற்றி, ஃபில்டரை மட்டும் “அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க” என்று விடாதீர்கள். பழைய ஃபில்டரில் தேங்கிய அழுக்கு ஆயில் புதியதில் கலந்துவிடும். ஃபில்டர் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும்.

கள்ள ஆயில் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய ஆயிலை வடிகட்டி, வெளுப்பேற்றி, நல்ல கம்பெனியின் பழைய கேனில் அடைத்து விற்கிறார்கள். கேன் எங்கிருந்து கிடைக்கிறது? நம்மிடமிருந்து. காலிக் கேனைப் பத்து ரூபாய்க்கு எடுக்க ஆள் வருவது எதற்கு என்று என்றாவது யோசித்தீர்களா? அதனால் ஆயில் ஊற்றி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் கேனில் இரண்டு ஓட்டை போடுங்கள், லேபிளைக் கிழியுங்கள். வாங்கும்போது மூடி வளையம் உடையாமல் இருக்கிறதா, தேதி அழியாமல் இருக்கிறதா, மூடிமேல் இருக்கும் கியூ.ஆர். கட்டத்தைப் போனில் பிடித்தால் கம்பெனி பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். பில் வாங்குங்கள். பில் கேட்டாலே பாதிக் கள்ளச் சரக்கு அலமாரிக்குத் திரும்பிவிடும்.

வடித்த ஆயில் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு வயதான பின்பு உறுத்துவது. நாங்கள் அந்தக் காலத்தில் பட்டறைக்குப் பின்னால் கொட்டினோம். யாரும் தடுக்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மழை வந்தால் அது ஓடையில் போகும், ஓடை பவானியில் போகும். பவானியில் இருந்துதான் நாம் குடிக்கிறோம். மீதியைச் சென்ட்ரிங் பலகைக்கு வாங்கிப் போவார்கள், மரத்தில் கரையான் பிடிக்காமல் இருக்க வேலிக் கட்டைக்குத் தடவுவார்கள். சொறி பிடித்த நாய்க்குத் தடவியதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாய் நக்காமல் என்ன செய்யும்? 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளில் பழைய ஆயில் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து ஆயில் விற்கும் கம்பெனிகளுக்கே அதைத் திரும்பப் பிடிக்கும் பொறுப்பும் வந்திருக்கிறது. பழைய ஆயிலை ஒழுங்காகச் சுத்திகரித்தால் மறுபடி நல்ல எண்ணெய் ஆகும். ஆனால் அதில் டீசலையோ, தின்னரையோ, ரேடியேட்டர் தண்ணீரையோ கலந்துவிட்டால் வாங்க மாட்டார்கள். பட்டறைகள் தனித்தனியாகக் கூப்பிட்டால் வண்டி வராது. மண்டி வாசலில் ஒரு இரும்பு பேரலை வைத்து, நிறைந்ததும் கூப்பிட்டால் வருவார்கள். வியாபாரிகளும் ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். பேரல் ஒன்றை நான் தருகிறேன், பட்டறையில் சும்மா கிடக்கிறது. கையுறை போட்டு வேலை செய்யுங்கள் என்று பையன்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் அந்தக் கறுப்பில் ஊறிய என் நகங்களைப் பார்த்தும் போட மாட்டேன் என்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். டேஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே, சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று வையுங்கள். ஆயில் மாற்றிய தேதி, மீட்டர், கேனின் எண், எழுத்து, எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றியதா, அவ்வளவு எழுதினால் போதும். பக்கத்தில் மலை ட்ரிப் எத்தனை என்று கோடு போட்டு வையுங்கள். வண்டி விற்கும்போது அந்த நோட்டுக்கே ஐயாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கும். நான் வாங்கித் தந்திருக்கிறேன்.

வாரநாளில் டீக்கடையில் கண்டு கேட்டால் நான் டீ ஆறும்வரைதான் பதில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வரும்போது வண்டிப் புத்தகம், போன தடவை வாங்கிய பில், முடிந்தால் காலிக் கேன். கேனில் ஓட்டை போட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பட்டறைக்காரன்